பின்னத்தின் கோட்டைக் காணோம்

"மிஸ், மூணுக்கும் நாலுக்கும் நடுவுல என்ன குறி போடணும்?" என்று ஏழாம் வகுப்புப் பையன் கேட்டபோதுதான் இந்தக் கதை ஆரம்பித்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே 3, கீழே 4. நடுவில் இருக்க வேண்டிய கோட்டைக் காணோம். நான் முக்கால் என்று அடித்து அனுப்பியதை, பிரிண்டர் மூன்றும் நான்கும் என்று கொடுத்திருக்கிறது. கீழே இரண்டு இடத்தில் சமக்குறிக்கு ஒற்றைக் கோடு. அதைக் கழித்தல் என்று நினைத்து ஒரு பெண் கணக்கையே போட்டு முடித்திருந்தாள். விடை சரியாக இருந்தது, அவள் கணக்குப்படி.

எழுத்துகள் ஓரளவு படிக்கும்படி இருந்தன. படுக்கைக் கோடுகள்தான் அடிவாங்கின. தாளின் குறுக்கே ஒரு நூல் அளவு வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே இன்னொன்று என்று போய்க்கொண்டிருந்தது. பின்னக் கோடு அந்தப் பட்டையில் விழுந்தால் ஆளே காலி.

வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். திருச்சி. மாலை ஐந்திலிருந்து எட்டு மணி வரை, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பதினாறு பிள்ளைகள். வாரத்துக்கு எழுபது, எண்பது தாள் ஓடும். பிரிண்டர் வாங்கி இரண்டு வருடம். ஸ்கேன், ஜெராக்ஸ், பிரிண்ட் மூன்றும் செய்யும் சாதாரண வீட்டு இங்க்ஜெட், 3,900 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். கருப்புக்கு ஒன்று, மூன்று கலருக்கும் சேர்த்து ஒன்று என இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் வகை எல்லாவற்றிலும் நடப்பது இதுதான். இவற்றில் பெரும்பாலும் இங்க் பீய்ச்சும் தலை பிரிண்டரில் இல்லை, கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான ஒரு பட்டை, அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். கார்ட்ரிட்ஜ் மாற்றினால் தலையும் புதிதாகிவிடும். கருப்பு 800, கலர் 1,150. இரண்டையும் மாற்றினால் பிரிண்டர் விலையில் பாதி. அதனால்தான் மாற்றக் கூடாது என்று வீம்பு பிடித்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கம்ப்யூட்டரில் பிரிண்டர் செட்டிங்ஸுக்குள் போய் கிளீனிங். உள்ளே கரகரவென்று சத்தம் வரும், ஒரு நிமிடம் ஆகும், பிறகு நாசில் செக், அதாவது எல்லா ஓட்டையிலிருந்தும் இங்க் வருகிறதா என்று காட்டும் சோதனைத் தாள் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். கருப்புக்குப் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள், கலருக்கு மூன்று கட்டம். படிக்கட்டில் நடுவில் ஏழெட்டுப் படிகள் இல்லை. மறுபடி கிளீனிங். ஐந்து படிகள் இல்லை. ஆகா, வேலை செய்கிறதே என்று மறுபடி. ஒன்பது படிகள் இல்லை. அப்படியே ஆறு முறை, அப்புறம் டீப் கிளீனிங் இரண்டு முறை. கடைசியில் முதலில் இருந்ததைவிட மோசம்.

இதில் தெரியாமல் போனது, கிளீனிங் என்றால் உள்ளே துடைப்பது மட்டும் இல்லை. ஒரு சின்ன பம்ப் தலையிலிருந்து இங்கை உறிஞ்சிக் கீழே இருக்கும் பஞ்சில் கொட்டுகிறது. நான் எதையும் தேர்ந்தெடுக்காமல் அழுத்தியதால் கலரிலிருந்தும் சேர்த்தே உறிஞ்சியது. ஒரு சாயங்காலத்தில் எட்டு முறை. இரண்டு தடவைக்கு மேல் கிளீனிங் கொடுத்தும் படி மாறவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். இப்போது தெரிகிறது.

அன்றைக்கு இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். மறுநாள் தேர்வுக்கு அறுபது தாள் வேண்டும். கருப்பு வரவில்லை என்றால் கலர் கார்ட்ரிட்ஜை மட்டும் வைத்து அடிக்கும்படி செட்டிங்ஸில் மாற்றலாம். மூன்று கலரையும் கலந்து கருப்பு மாதிரி ஒன்றைக் கொடுக்கும். கொஞ்சம் பழுப்பாக, அம்மா காலத்து மரப்பெட்டி நிறத்தில் வந்தது. முப்பதாவது தாள் பக்கம் கலர் தீர்ந்துவிட்டது என்று விளக்கு மின்னியது. ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் அந்த எச்சரிக்கை போய்விடும் என்று தெரியும். அமுக்கினேன். போய்விட்டது. மிச்சத்தையும் அடித்தேன். இந்த அமுக்கலுக்கு விலை 1,150 ரூபாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் கருப்புக் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தேன். ஈரமான டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து, தலைப்பட்டையை அதன் மேல் ஐந்து விநாடி மெல்ல அழுத்தி எடுத்தால் முத்திரை குத்தியது மாதிரி ஒரு கருப்புப் பட்டை விழ வேண்டும். எனக்குப் பாதிப் பட்டைதான் விழுந்தது, மறுபாதி சாம்பல் பூத்தது மாதிரி. இங்க் இருக்கிறது, வாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் எட்டு கிளீனிங் மிச்சம்.

அடைப்பென்றால் வெந்நீர். நம் வீட்டில் எதற்கும் வெந்நீர்தானே. கீஸரைத் திறந்து, சில்வர் மூடியில் பிடித்து, கார்ட்ரிட்ஜைத் தலைகீழாக இல்லாமல் நேராக அதில் நிற்க வைத்தேன். கருப்புப் புகை மாதிரி இங்க் தண்ணீரில் இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்துக் காயவைத்தேன். சாயங்காலம் போட்டால் படிக்கட்டில் பாதியைக் காணோம்.

அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாம்ப் சேர்ப்பவர். அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தலையைப் பார்த்தேன். பட்டையின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக் காய்ந்தால் விழுமே, அந்த மாதிரி. எங்கள் வீட்டு போர் தண்ணீர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கீஸர் குழாயிலேயே உப்பைச் சுரண்டி எடுக்கிறோம். அந்தத் தண்ணீரைத் தலைமுடியைவிட மெல்லிய ஓட்டைக்குள் விட்டுக் காயவைத்திருக்கிறேன். சூடும் அதிகம். அடியிலிருந்து பக்கவாட்டில் ஏறும் செம்புக் கோடுகள் போட்ட பிளாஸ்டிக் தாள் ஓரத்தில் லேசாகக் கிளம்பியிருந்தது. நல்லவேளை, விரலால் அழுத்தியதும் ஒட்டிக்கொண்டது.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் 25 ரூபாய். ஸ்கூட்டர் பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அதேதான். இந்த முறை கொதிக்க வைக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை விரல் விட்டால் இதமாக இருக்கும் சூட்டில், மூடியில் மூன்று மில்லிமீட்டர் உயரம் மட்டும் ஊற்றினேன். தலைப்பட்டை நனைய வேண்டும், செம்புக் கோடு நனையக் கூடாது. அதுதான் அளவு. பத்து நிமிடம். எடுத்து, மடித்த டிஷ்யூ மேல் இரண்டு நிமிடம் நிற்க வைத்தேன். பட்டை பாதியிலிருந்து முக்கால் ஆனது. இன்னொரு பத்து நிமிடம். முழுப் பட்டை. கருகருவென்று, இடைவெளி இல்லாமல். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும்.

பிரிண்டரில் போட்டு நாசில் செக் எடுத்தேன். படிக்கட்டில் ஒரு படி பாக்கியில்லை. அப்பாவிடம் காட்டினேன். "இருபத்தஞ்சு ரூபாயில முடிஞ்சுபோச்சா, பரவாயில்லையே" என்றார். நானும் முடிந்துபோச்சு என்றுதான் நினைத்தேன்.

எட்டே நாள். மறுபடி வெள்ளைப் பட்டை.

மறுபடி மூடி, மறுபடி பத்து நிமிடம், மறுபடி சரியானது. இந்த முறை ஆறு நாள். மூன்றாம் முறை ஊறவைத்தும் டிஷ்யூவில் பட்டை வெளிறி விழுந்தது. அடைப்பு இல்லை, இங்கே தீர்ந்துவிட்டது. ஊறவைக்கும்போதெல்லாம் அழகாகப் புகைந்து இறங்கியதே, அதுவும் இங்க்தான்.

சரி, ரீஃபில். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சாமான் கடை. கருப்பு இங்க் 100 மில்லி 180 ரூபாய் என்று பாட்டிலை எடுத்து வைத்தார். இந்த மாடலுக்குச் சரிவருமா என்றேன். "கருப்பு கருப்புதாங்க மேடம்" என்றார். மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்ச் ஊசியோடு பத்து ரூபாய். மூன்று வாங்கினேன். எதற்கு என்று மருந்துக் கடைக்காரர் கேட்டார், பிரிண்டருக்கு என்றதும் நம்பாமல் கொடுத்தார்.

அளவு பார்க்க அப்பாவின் தபால் தராசு கைகொடுத்தது. ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல். காலிக் கார்ட்ரிட்ஜ் 26 கிராம். இந்தச் சின்ன சைஸில் கொஞ்சம்தான் பிடிக்கும், 6 மில்லி போதும் என்று வைத்துக்கொண்டேன். மேலே ஒட்டியிருக்கும் லேபிளை உரித்தால் காற்றோட்டத்துக்கான சின்னத் துளை தெரியும். ஊசியை அதில் விட்டு, உள்ளே இருக்கும் பஞ்சின் அடிவரை போய், ஒரு நூல் மேலே இழுத்துக்கொண்டு மெல்ல அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பஞ்சுக்குள் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும், அப்புறம் இங்க் நிறைய இருந்தும் இறங்காது. ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விட்டேன். 32 கிராம். துளையோரம் இங்க் பளபளவென்று தெரிந்ததும் நிறுத்தி, கால் மில்லி திரும்ப உறிஞ்சிக்கொண்டேன்.

ஊசியும் இங்கும் கையில் இருக்கும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1977இல் ஜப்பானில் கேனான் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று இங்க் நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டு, ஊசி முனையிலிருந்து இங்க் பீய்ச்சி அடித்ததாம். சூடு பட்டால் குமிழ் வரும், குமிழ் வந்தால் இங்கைத் தள்ளும். வீட்டு இங்க்ஜெட்டில் பலவும் வேலை செய்வது இந்த முறையில்தான். எச்.பி. 1984இல் கொண்டுவந்த திங்க்ஜெட் என்ற பிரிண்டரில் தலையும் இங்கும் ஒன்றாகச் சேர்ந்த, தீர்ந்ததும் தூக்கிப்போடும் கார்ட்ரிட்ஜ். அதில் ஓட்டைகள் பன்னிரண்டே. பன்னிரண்டு என்றால் நான் ஒவ்வொன்றாகவே ஊசியால் குத்திவிட்டிருப்பேன்.

ரீஃபில் செய்த தாள் வந்தது. கோடெல்லாம் இருக்கிறது, ஆனால் எழுத்தோரம் பிசிறு. ஈரத் தாளில் பேனாவால் எழுதினது மாதிரி சன்னமான வேர் விட்டிருந்தது. அப்பா அதே சாயங்காலம் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு அடித்து, கவரில் முகவரியும் அடித்தார். அவர் வழக்கப்படி விரலை நாக்கில் தொட்டுக் கவரைப் புரட்டியதும் பின்கோடு எண் கரைந்து கையில் வந்துவிட்டது.

"இது மழைக்காலத்துல போஸ்ட்மேன் பைக்குள்ளயே அழிஞ்சிடும்மா" என்றார். முப்பத்தைந்து வருட அனுபவம் பேசுகிறது.

கருப்பு கருப்பு இல்லை. கலர்களில் இருப்பது தண்ணீரில் கரையும் சாயம், டை. கருப்புக் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் பிக்மென்ட், அதாவது நுண்ணிய கரித்தூள் மிதக்கும் இங்க். சாதாரணத் தாளில் எழுத்து கூர்மையாக விழுவதும் ஈரம் பட்டால் நிற்பதும் அதனால்தான். எனக்குக் கிடைத்த பாட்டில் டை. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் போட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் திரிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. ஊசியால் முடிந்தவரை உறிஞ்சினேன். டிஸ்டில்ட் வாட்டர் விட்டு மறுபடி உறிஞ்சினேன், இளஞ்சாம்பல் நிறம் வரும் வரை பதினோரு தடவை. பிறகு தலையை டிஷ்யூ மேல் வைத்துத் தண்ணீரை இழுக்கவிட்டேன். தராசு 27 காட்டியபோது போதும் என்று விட்டேன். வேறொரு கடையில் பிக்மென்ட் என்று கேட்டு வாங்கினது 320 ரூபாய். மறுபடி 6 மில்லி.

இனிமேல் யார் என்ன சொன்னாலும் முதல் தாளை அடித்து, ஐந்து நிமிடம் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சம்.

போட்டதும் பிரிண்டர் அலறியது. கார்ட்ரிட்ஜையே தெரியவில்லை என்கிறது. இந்த இடத்தில் எனக்கு அழுகை வராத குறை. செம்புக் கோடுகளை ஐஸோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன் (100 மில்லி 110 ரூபாய், மருந்துக் கடையில் கிடைக்கவில்லை, செல்போன் ரிப்பேர் சாமான் கடையில் கிடைத்தது). சரியாகவில்லை. வண்டிக்குள், அதாவது கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்து இடமும் வலமும் ஓடுமே அந்தக் கூட்டுக்குள், பின்பக்கச் சுவரில் தங்க நிறத்தில் குட்டி ஸ்பிரிங் முனைகள் வரிசையாக இருக்கும். காதுகுடையும் பட்ஸை நனைத்து அதையும் துடைத்தேன். அப்போதும் இல்லை.

பூதக்கண்ணாடி மறுபடி. இடமிருந்து நான்காவது முனையில் பஞ்சு இழை ஒன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. என் பட்ஸிலிருந்து வந்ததுதான். பிரச்சினையைத் தீர்க்கப் போனவள் இன்னொன்றைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். புருவம் பிடுங்கும் ட்வீஸரால் எடுத்தேன். மூடினேன். பச்சை விளக்கு. பட்ஸ் வேண்டாம், மூக்குக் கண்ணாடி துடைக்கக் கொடுக்கும் துணியை ஓரத்தில் மடித்துத் துடைத்தால் போதும்.

கருப்பு இப்படி வழிக்கு வந்தபோது மே பாதி போய்விட்டது. அப்போதுதான் கலரைப் பார்த்தேன். இலையின் படம் நீலமாக வந்தது. அங்கே இலை பச்சையாக இருக்க மஞ்சளும் வேண்டும். மஞ்சள் வருகிறதா என்பதை வெள்ளைத் தாளில் கண்டுபிடிப்பது கஷ்டம், வந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு வழி சொன்னாள். அறை விளக்கை அணைத்து, செல்போன் திரை முழுக்க நீல நிறத்தை வைத்து அந்த வெளிச்சத்தில் தாளைப் பார்த்தோம். நீல ஒளியை மஞ்சள் விழுங்கிவிடும் என்பதால் மஞ்சள் இருக்கும் இடம் கறுத்துத் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. தாள் முழுக்க ஒரே நீலம்.

ஊறவைத்தேன், மஞ்சள் அறையில் இங்க் விட்டேன் (எந்தத் துளை எந்தக் கலர் என்று பல்குத்தும் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான்). டிஷ்யூவில் மூன்று கலரும் பளிச்சென்று பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. அடைப்பே இல்லை. ஆனால் பிரிண்டரில் போட்டால் மஞ்சள் மட்டும் இல்லை. அங்கேதான் ஏப்ரலில் பட்டனை அமுக்கியது நினைவுக்கு வந்தது. ஓட்டைக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஹீட்டரைக் குளிர வைப்பதும் இங்க்தான். இங்க் இல்லாமல் முப்பது தாள் ஓட்டினால், தண்ணீர் இல்லாத இட்லிப் பாத்திரத்தை அடுப்பில் விட்ட கதை. ஹீட்டர் எரிந்துவிட்டால் எந்தத் தண்ணீரும் அதை எழுப்பாது. புதுக் கலர் கார்ட்ரிட்ஜ், 1,150.

இதற்கு நடுவில் பிரிண்டரைச் சரிபார்க்கும் ஒரு கடையிலும் கேட்டேன். திறந்து பார்க்கவே 450, புதுசு வாங்கிடுங்க மேடம் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பும் இல்லை. ஆனால் புதுசு வாங்கியிருந்தால் அதுவும் ஒரு நாள் இப்படித்தான் ஆகியிருக்கும்.

ஏனென்றால் கருப்பு மறுபடி அடைத்துக்கொண்டது. சரியான இங்க், சுத்தமான தலை, ஏழாவது நாள் வெள்ளைப் பட்டை. அன்றைக்கு இரவு ஒன்பது மணி இருக்கும், அடுத்த நாளைக்கு இன்னொரு தாள் அடிக்கலாம் என்று ஹாலுக்கு வந்தேன். பிரிண்டர் அணைந்திருந்தது. காரணம் எதுவும் இல்லாமல் மேல் மூடியைத் தூக்கினேன். வண்டி நடுவழியில் நிற்கிறது. விரலால் தள்ளினால் தறியில் நாடா ஓடுவது மாதிரி அங்கும் இங்கும் போகிறது.

முறையாக அணைந்த பிரிண்டரில் வண்டி வலது ஓரத்தில் போய் நின்று பூட்டிக்கொள்ளும். தள்ளினால் நகராது. அங்கே அடியிலிருந்து ரப்பர் மூடி ஒன்று எழும்பி இரண்டு தலைகளையும் பொத்திக்கொள்ளும். பேனாவுக்கு மூடி மாதிரிதான். நடுவழியில் நிற்கிறதென்றால் பேனா ராத்திரி முழுக்க மூடியில்லாமல் கிடக்கிறது. அதுவும் திருச்சியில், அக்னி நட்சத்திரத்தில்.

"அப்பா, பிரிண்டரை நீங்களா அணைச்சீங்க?"

"ஆமா. பேப்பர் விழுந்துச்சு, போர்டுல ஆஃப் பண்ணிட்டேன். ஏம்மா?"

அப்பாவுக்கு சுவிட்ச் போர்டில் அணைத்தால்தான் அணைத்தது. டிவி, மோடம், மிக்சி எதுவானாலும் பட்டன் அழுத்துவது பாதி அணைப்பு என்பார். கடைசித் தாள் தட்டில் விழுந்த கையோடு டப் என்று சுவிட்ச். வண்டி ஓரத்துக்குப் போவதற்குள் கரண்ட் போய்விடுகிறது. பிள்ளைகள் எட்டு மணிக்குக் கிளம்பும்போது மறுநாள் தாளை அடித்து முடிப்பேன், நான் வாசல் வரை போய்விட்டு வருவதற்குள் இது நடந்துவிடும். இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. குளிர்காலத்தில் தாங்கியது, ஏப்ரலில் தாங்கவில்லை.

அந்த ரப்பர் மூடியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, பிரிண்டரை ஆன் செய்து கார்ட்ரிட்ஜ் மாற்றும் மூடியைத் திறந்து, வண்டி நடுவுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அப்பாவின் முறைதான் சரி. வலது ஓரத்தில் டார்ச் அடித்தால் அக்கம்பக்கமாக இரண்டு குட்டித் தொட்டிகள், சுற்றிலும் ரப்பர் விளிம்பு, உள்ளே பஞ்சு. கருப்புத் தொட்டியில் பஞ்சே தெரியவில்லை. அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி இங்க் காய்ந்து ஆடை கட்டியிருந்தது. விளிம்பின் குறுக்கே ஒரு தலைமுடி, நரைத்தது. அப்பாவுடையதா என்னுடையதா என்பதைப் பற்றி இந்தப் பதிவில் எழுதப் போவதில்லை. ஒரு முடி குறுக்கே கிடந்தால் ரப்பர் தலையோடு ஒட்டாது, காற்று புகுந்துவிடும்.

ட்வீஸரால் முடியை எடுத்தேன். ஊசி இல்லாத சிரிஞ்சால் தொட்டிக்குப் பத்துச் சொட்டு வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டர் விட்டு இருபது நிமிடம் வைத்தேன். கருப்பாகப் பொங்கி வந்ததை டிஷ்யூவின் முனையால் உறிஞ்சினேன், பஞ்சைத் தோண்டாமல். ஐந்து தடவை. பக்கத்தில் ரப்பர் நாக்கு ஒன்று செங்குத்தாக நிற்கும், தலை போகும்போதும் வரும்போதும் துடைத்துவிடும் வைப்பர். அதன் மேல் களிம்பு மாதிரி அப்பியிருந்ததைக் கண்ணாடித் துணியால் வழித்தேன். துணியைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. கையுறை போட்டுக்கொள்ளவில்லை, நான்கு நாள் தேர்தலில் ஓட்டுப் போட்ட விரலோடு திரிந்தேன்.

பிளக்கை மாட்டி ஒரே ஒரு கிளீனிங். நாசில் செக் முழுதாக வந்தது. முன்பும் முழுதாகத்தான் வந்திருந்தது என்பதால் இந்த முறை யாரிடமும் காட்டவில்லை. சுவிட்ச் போர்டில் அந்தப் பாயிண்டின் மேல் செல்லோடேப் ஒட்டினேன். அப்பாவிடம் மூடியைத் திறந்து வண்டி ஓரத்தில் பூட்டிக்கொள்வதையும் பிளக்கைப் பிடுங்கினால் நடுவில் நிற்பதையும் காட்டினேன். இரண்டு தடவை செய்துகாட்டச் சொன்னார். "பட்டனை அமுக்கினா அது தானா வீட்டுக்குப் போயிடுது, அப்படித்தானே" என்றார். அதுதான். பட்டனை அமுக்கி, விளக்கு மின்னி ஓய்ந்த பிறகு போர்டில் அணைத்தால் ஒன்றும் ஆகாது. கரண்ட் கட்டுக்கு என்ன செய்வது என்றும் கேட்டார். வந்ததும் ஒரு முறை ஆன் செய்து பட்டனில் அணைத்துவிட வேண்டியதுதான்.

பத்தாம் நாள் நாசில் செக். முழுசு. இருபதாம் நாள், முழுசு. நடுவில் ஐந்து நாள் ஊருக்குப் போய் பிரிண்டரைத் தொடவே இல்லை, அதற்குப் பிறகும் முழுசு. ஜூனில் பள்ளி திறந்து எண்பது தாள் ஒரே நாளில் ஓடியது.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். டை இங்க் 180, அது வீண் (இப்போது பிள்ளைகள் அதில் சார்ட்டுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்). பிக்மென்ட் 320. சிரிஞ்ச் மூன்று 30. டிஸ்டில்ட் வாட்டர் 25. ஆல்கஹால் 110. கலர் கார்ட்ரிட்ஜ் 1,150. மொத்தம் 1,815. இதில் நடுவழியில் நின்ற வண்டியை முதல் நாளே பார்த்திருந்தால் செலவாகியிருக்கக்கூடியது தண்ணீருக்கான 25 மட்டும். மூலைக் கடையில் ஜெராக்ஸ் பக்கம் இரண்டு ரூபாய், 1,815க்குத் தொள்ளாயிரம் பக்கம் எடுத்திருக்கலாம் என்பதையும் கணக்கு டீச்சர் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த முறை என்றால் கம்ப்யூட்டரைத் தொடும் முன், பிரிண்டர் அணைந்து கிடக்கும்போதே மூடியைத் தூக்கி வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். பிறகு டிஷ்யூ. ரீஃபிலுக்கு 5 மில்லி சிரிஞ்சை விட 2 மில்லி வாங்குவேன், பெரிய சிரிஞ்சில் கடைசி அரை மில்லி சட்டென்று பாய்ந்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டால் வாரம் ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்ப்பேன், 28 கிராமுக்குக் கீழே வந்தால் அடிப்பதை நிறுத்திவிடுவேன். இந்தப் பிரிண்டர் போனபின், பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றிக்கொள்ளும் டேங்க் வகை வாங்கலாமா என்று யோசனை இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றில் தலை பிரிண்டரோடேயே இருக்கும், அடைத்துக்கொண்டால் கையில் எடுத்து மூடியில் ஊறவைக்க முடியாது. எங்கள் வீட்டு சுவிட்ச் போர்டுக்கு அது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நாசில் செக் தாள்களைத் தேதி போட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வருகிறேன். ஜூன் முதல் ஒன்பது தாள். போன சனிக்கிழமை எடுத்ததில் படிக்கட்டின் மூன்றாவது வரிசையில் ஒரு படி லேசாக மங்கியிருக்கிறது. நேற்றும் அதே அளவுதான் மங்கல். தராசில் 29. ஊசியை இன்னும் எடுக்கவில்லை.